நடுநிலை வகுப்புகளில் தசம மதிப்பீடு

(கொல்லங்கோட்டில் தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



உங்களில் பலர் பாலக்காட்டிலிருந்தோ பொள்ளாச்சியிலிருந்தோ ரயிலில் வந்து இவ்வூர் நிலையத்தில் இறங்கியிருப்பீர்கள். 1932இல் திறக்கப்பட்ட அப்பாதை நெடுங்காலம் மீட்டர் பாதையாக இருந்து, 2015இல் அகலப் பாதையாக மாற்றப்பட்டது. மீட்டர் பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள தூரம் சரியாக ஒரு மீட்டர். அகலப் பாதையில் அது ஐந்து அடி ஆறு அங்குலம். இதனை மீட்டரில் கூறுமாறு ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் கேட்டேன். ஓர் அடி என்பது 0.3048 மீட்டர் என்ற விவரத்தையும் கரும்பலகையில் எழுதிக் கொடுத்தேன்.

வகுப்பில் பாதிப்பேர் 5.6ஐ 0.3048ஆல் பெருக்கி, 1.70688 மீட்டர் என்று விடை எழுதினார்கள். பெருக்கலில் ஒரு பிழையும் இல்லை. ஐந்து தசம இடங்களும் சரியானவை. ஆனால் விடை தவறு. ஐந்து அடி ஆறு அங்குலம் என்பது 5.6 அடி அன்று. ஐந்தரை அடி, அதாவது 5.5 அடி. 5.5ஐ 0.3048ஆல் பெருக்கினால் 1.6764 மீட்டர் வரும். ரயில்வே துறை அதனை 1,676 மில்லிமீட்டர் என்று முழுமையாக்கி வைத்திருக்கிறது. மாணவர்களின் விடைக்கும் இதற்கும் மூன்று சென்டிமீட்டர் வேறுபாடு. மூன்று சென்டிமீட்டர் விலகிய தண்டவாளத்தில் எந்த ரயிலும் ஓடாது.

இந்த நிகழ்ச்சியைக் கொண்டே இன்றைய பொருளைத் தொடங்க விரும்புகிறேன். தசம எண்களைக் கூட்டவும் பெருக்கவும் நம் மாணவர்களுக்குத் தெரிகிறது. அவ்வெண் எவ்வளவு என்பதை உணர்வது வேறொரு திறன். அதனை வளர்க்கும் பயிற்சிதான் மதிப்பீடு. நமது வகுப்பறைகளில் மதிப்பீடு என்பது பாடத்தின் இறுதியில் வந்து போகும் ஒரு சிறு பகுதியாக ஒதுக்கப்பட்டுவிட்டது. உண்மையில் கணக்கு தொடங்குமுன் அது வர வேண்டும்.

முதலில் புள்ளியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். குழந்தை நாள்தோறும் காணும் புள்ளிகள் எல்லாம் தசமப் புள்ளிகள் அல்ல. பேருந்து 2.30க்கு வரும் என்று எழுதுகிறோம்; அது இரண்டரை மணி, தசமத்தில் 2.5. கிரிக்கெட்டில் 4.3 ஓவர் என்றால் நான்கு ஓவரும் மூன்று பந்துகளும், அதாவது நாலரை ஓவர். ஐந்து அடி ஆறு அங்குலத்தைத் தச்சரும் கொத்தனாரும் 5.6 என்றே சுவரில் குறித்து வைக்கிறார்கள். இவற்றில் புள்ளி என்பது இரண்டு அலகுகளைப் பிரிக்கும் வெறும் கோடு. அறுபது, ஆறு, பன்னிரண்டு என அதன் பின்னுள்ள அளவு மாறிக்கொண்டே இருக்கிறது. இத்தனை புள்ளிகளுக்கிடையே வளரும் குழந்தை, பள்ளியில் மட்டும் புள்ளிக்குப் பத்தில் ஒன்று என்ற பொருளைத் தானாகவே கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு ஒன்றும் இந்த மண்ணிலேயே உண்டு. பாலக்காட்டுப் பகுதியில் நெல் அளந்த பழைய முறையில் நான்கு நாழி ஓர் இடங்கழி. பத்து இடங்கழி ஒரு பறை. ஆகவே மூன்று பறை நான்கு இடங்கழி என்பதை 3.4 பறை என்று தயங்காமல் எழுதலாம். அங்கே புள்ளி உண்மையான தசமப் புள்ளி. பறையும் இடங்கழியும் இன்று பெரும்பாலும் கோயில்களிலும் பழைய வீடுகளிலும் பார்வைக்கு இருப்பவை. ஆயினும் ஒரு பறையையும் ஓர் இடங்கழியையும் வகுப்புக்குக் கொண்டுவந்து, பத்து முறை முகந்து ஊற்றிக் காட்டினால், பத்தில் ஒன்று என்பதைக் குழந்தை கண்ணாலும் கையாலும் அறிந்துகொள்ளும். இதைவிட நல்ல கற்பித்தல் கருவி எனக்குத் தெரியாது.

அடுத்தது நாம் எண்களை வாசிக்கும் முறை. 3.25 என்பதை 'மூன்று புள்ளி இருபத்தைந்து' என்று வாசிக்கும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடையிலும் வீட்டிலும் எல்லோரும் அப்படித்தான் வாசிக்கிறார்கள். இருபத்தைந்து என்று காதில் விழுந்த குழந்தைக்கு 3.25 ஆனது 3.4ஐவிடப் பெரிதாகத் தோன்றுவதில் வியப்பில்லை. நான்கைவிட இருபத்தைந்து பெரிதல்லவா! ரூபாயும் காசும் இக்குழப்பத்தை வளர்க்கின்றன. மூன்று ரூபாய் நாற்பது காசை 3.40 என்று எழுதுவதே வழக்கம். கணினி இறுதிப் பூஜ்யத்தை நீக்கி 3.4 என்று காட்டும்போது, அதனை மூன்று ரூபாய் நான்கு காசு என்று படிக்கும் பெரியவர்களையே நான் கண்டிருக்கிறேன். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கே ஸ்டேசியும் விக்கி ஸ்டெய்ன்லியும் இத்தகைய பிழைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். நீளமான தசமமே பெரிது என எண்ணும் குழந்தைகள் ஒரு வகை. நூறில் ஒன்று பத்தில் ஒன்றைவிடச் சிறிது என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, குறுகிய தசமமே பெரிது என எண்ணும் குழந்தைகள் மற்றொரு வகை. இரண்டாம் வகையினர் 0.3ஐ 0.45க்கு மேலே வைப்பார்கள். இவ்விரு வகையினரும் பல தேர்வுகளில் நல்ல மதிப்பெண் பெற்றுவிடுவர். ஏனெனில் கணக்கிடும் விதி அவர்களுக்கு மனப்பாடம். மதிப்பிடச் சொன்னால்தான் உள்ளே இருப்பது வெளிப்படும்.

நம் நாடு தசமத்துக்கு வந்த வரலாறு மதிப்பீட்டுப் பாடத்துக்கு ஒரு நல்ல வாயில். 1955ஆம் ஆண்டின் நாணயத் திருத்தச் சட்டப்படி, 1957 ஏப்ரல் முதல் நாளன்று ரூபாய் நூறு நயா பைசாவாகப் பிரிக்கப்பட்டது. அதற்கு முன் ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பை. பதினாறுக்கும் நூறுக்கும் பொருத்தம் கிடையாது. ஓர் அணா என்பது 6.25 பைசா. கால் பைசா என்று ஒரு நாணயம் இல்லை. எனவே அணாவை அருகிலுள்ள முழுப் பைசாவுக்கு மாற்றுவதென்றும், மிச்சம் அரைப் பைசாவோ அதற்குக் குறைவோ ஆனால் விட்டுவிடுவதென்றும் விதி செய்தார்கள். அதன்படி ஓர் அணா 6 பைசா. இரண்டு அணா 12. மூன்று அணா 19. நான்கு அணா 25. ஆறு அணா 37.

இந்த அட்டவணையை மாணவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். ஓர் அணாப் பொருளைப் பதினாறு முறை தனித்தனியாக வாங்கியவர் 96 பைசா கொடுத்திருப்பார். ஒரே முறையில் பதினாறு வாங்கியவர் நூறு பைசா கொடுத்திருப்பார். மூன்று அணாப் பொருளை நான்கு முறை வாங்கியவருக்கு 76 பைசா ஆகும். பன்னிரண்டு அணாவாகச் சேர்த்துக் கொடுத்தவருக்கு 75தான். ஒவ்வோர் எண்ணையும் முழுமையாக்கிப் பிறகு கூட்டுவதும், கூட்டிய பிறகு முழுமையாக்குவதும் ஒன்றல்ல என்பது அரை மணி நேரத்தில் அவர்களுக்கே விளங்கிவிடும். இன்னொன்றும் இங்கே கவனிக்கத்தக்கது. ஐந்தும் அதற்கு மேலும் என்றால் மேல் எண்ணுக்குப் போக வேண்டும் என்று நாம் வேதவாக்காகக் கற்பிக்கிறோம். இந்தச் சட்டமோ அரையைக் கீழே தள்ளியது. இரண்டு அணாவின் 12.5 பைசா 12 ஆயிற்று. முழுமையாக்கும் விதி இயற்கையின் விதியன்று. மனிதர் ஒரு காரியத்துக்காக வகுத்துக்கொண்ட உடன்பாடு.

இந்தக் காரியம் என்ற சொல்லை நான் சற்று வலியுறுத்த விரும்புகிறேன். மாந்தோப்புக்கு மருந்தடிக்கும் வேலையைப் பாருங்கள். கொல்லங்கோட்டிலும் முதலமடையிலும் உள்ள குழந்தைகளுக்கு இது வீட்டுச் செய்தி. ஒரு மருந்தை லிட்டருக்கு 1.5 மில்லிலிட்டர் கலக்க வேண்டும் என்று கொள்வோம். தெளிப்பானில் 16 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். சரியான அளவு 24 மில்லிலிட்டர். பாடநூல் விதிப்படி 1.5ஐ 2 என்று முழுமையாக்கினால் 32 மில்லிலிட்டர் ஊற்ற நேரிடும்; மூன்றில் ஒரு பங்கு நஞ்சு கூடுதல். இங்கே அந்த விதி ஆபத்தானது. மாறாக, ஒரு சுவருக்கு 5.2 லிட்டர் வண்ணம் வேண்டும், ஒரு லிட்டர் டப்பாவாகத்தான் கிடைக்கும் என்றால், ஐந்து என்று முழுமையாக்குவதில் பொருளில்லை. ஆறு வாங்கியே ஆக வேண்டும். இத்தகைய இரண்டு கணக்குகளை அடுத்தடுத்து வைத்து, எதில் மேலே போகலாம், எதில் போகக் கூடாது, ஏன் என்று கேட்பதே உண்மையான பாடம். பத்துக் கணக்குகளை இயந்திரம்போல் முழுமையாக்கச் சொல்வதால் இது வராது.

வகுப்பறையில் நடப்பது என்ன? பயிற்சித் தாளில் 'தோராய விடை', 'சரியான விடை' என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். கூர்ந்து கவனித்தால் பெரும்பாலான குழந்தைகள் முதல் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, ஓரத்தில் கணக்கை முழுதும் செய்து முடிப்பதைக் காணலாம். பிறகு வந்த விடையை முழுமையாக்கி முதல் கட்டத்தில் எழுதிவிடுவார்கள். நாமும் சரி என்று குறியிட்டுவிடுவோம். மதிப்பீடு என்ற பெயரில் அங்கே மதிப்பீடு நடைபெறவே இல்லை. குழந்தையைக் குறை கூறிப் பயனில்லை. சரியான விடைக்கு மட்டுமே மதிப்பெண் என்ற பயிற்சியில் ஆண்டுக்கணக்காக வளர்ந்த குழந்தைக்கு, தோராயமாகச் சொல் என்பது தவறாகச் சொல் என்று கேட்கிறது. நம் பேச்சிலும் குத்துமதிப்பு என்ற சொல்லுக்கு ஓர் இளக்காரம் ஏறிவிட்டது. ஆனால் மாமரத்தை அண்ணாந்து பார்த்துக் காயை மதிப்பிட்டுத் தோப்பைக் குத்தகைக்கு எடுப்பவர் தம் முதலீடு முழுவதையும் அந்தக் குத்துமதிப்பின் மேல்தான் வைக்கிறார்!

இக்குறை நம் பகுதிக்கு மட்டும் உரியதன்று. 1978இல் அமெரிக்காவில் நடைபெற்ற தேசியக் கல்வி மதிப்பீட்டில், பதின்மூன்று வயது மாணவர்களிடம் பதின்மூன்றில் பன்னிரண்டையும் எட்டில் ஏழையும் கூட்டினால் ஏறத்தாழ எவ்வளவு வரும் என்று கேட்டார்கள். இரண்டுமே ஏறக்குறைய ஒன்று. ஆகவே விடை இரண்டு. 24 சதவீதத்தினரே அதைத் தேர்ந்தெடுத்தனர். பாதிக்கு மேற்பட்டோர் 19 என்றோ 21 என்றோ கூறினர். மேலெண்களையோ கீழெண்களையோ கூட்டிவிட்டார்கள். நம் நாட்டில் 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்புக்காக, பேராசிரியர் ஆர். ராமானுஜம் தலைமையிலான குழு ஒரு நிலைப்பாட்டு அறிக்கை அளித்தது. பள்ளிக் கணிதத்தில் வளர்க்க வேண்டிய திறன்களுள் மதிப்பீட்டையும் தோராயத்தையும் அது தனியாகவே எடுத்துக் கூறியது. கொள்கை அளவில் குறையில்லை. வினாத்தாளுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை என்பதே என் அனுபவம்.

வழிமுறைக்கு வருவோம். தசமத்தை மதிப்பிட வேண்டுமானால், அருகிலுள்ள முழு எண்ணைத் தேடு என்று சொல்வது போதாது. சில இடங்களில் கெடுதலும் செய்யும். 0.48 என்பதை அருகிலுள்ள முழு எண்ணாக்கினால் பூஜ்யம். பூஜ்யத்தால் எதைப் பெருக்கினாலும் கணக்கே மறைந்துவிடும். 0.48 என்பதை அரை என்று காண்பதே அறிவு. அவ்வாறே 0.26 கால், 0.74 முக்கால், 0.12 அரைக்கால். நல்வாய்ப்பாக நம் மொழியில் இந்தப் பின்னங்களுக்கெல்லாம் தனித்தனிச் சொற்கள் உண்டு. அரைக்கால் 0.125, வீசம் 0.0625. பழைய திண்ணைப் பள்ளி எண்சுவடியில் மாவும் காணியும் முந்திரியும் வரை பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். மா என்பது இருபதில் ஒன்று, 0.05; காணி எண்பதில் ஒன்று, 0.0125. அந்தச் சுவடியை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். காணியும் முந்திரியும் இன்று யாருக்கும் பயன்படா. ஆனால் கால், அரைக்கால், வீசம் ஆகிய மூன்றும் தசமக் கோட்டில் நடப்பட்ட எல்லைக் கற்களாக இன்றும் உதவும். மலையாளத்திலும் காலும் அரையும் முக்காலும் வழக்கில் இருப்பதால், இரு மொழியும் பேசும் நம் குழந்தைகளுக்கு இவை பழகிய சொற்கள்.

பெருக்கினால் பெருகும் என்ற நம்பிக்கையும் ஒரு தடை. மூணாறு, பீர்மேடு பகுதியிலிருந்து வந்துள்ள ஆசிரியர்களுக்காக ஒரு கணக்கு. தேயிலைத் தோட்டத்தில் பறித்த பச்சை இலை, பதப்படுத்திய பின் ஏறத்தாழ 0.22 பங்கு எடையே நிற்கும் என்று கொள்வோம். 31.5 கிலோ இலைக்கு எவ்வளவு தூள்? மாணவர்கள் 315ஐயும் 22ஐயும் பெருக்கி 6930 என்று கண்டுபிடித்துவிட்டு, புள்ளியை எங்கே வைப்பது என்று திகைக்கிறார்கள். பலர் 69.3 என்று வைக்கிறார்கள். ஒரு கூடை இலை இரண்டு கூடைத் தூளாகும் என்று எந்தத் தொழிலாளியின் பிள்ளையும் வீட்டில் சொல்லாது, தாளில் எழுதும். 0.22 என்பது ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேல். முப்பதில் ஐந்தில் ஒன்று ஆறு. ஆகவே விடை ஆறுக்குச் சற்று மேல், ஏழுக்கு அருகில். புள்ளிக்கு இனி 6.93 என்ற ஒரே இடம்தான் உண்டு. தசம இடங்களை எண்ணிப் புள்ளி வைக்கும் விதியையும் கற்பிக்கலாம். ஆனால் விதி மறந்துபோகும்போது குழந்தைக்குத் துணையாவது இந்த உணர்வே.

இப்போது நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். எந்த ஊர், எந்தச் சங்கம் என்பன இங்கே வேண்டாத விவரங்கள். பால் கணக்கு எழுதும் புத்தகத்தை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். ஒரு சிறுமியின் வீட்டுப் புத்தகத்தில் ஒரு நாள் வரவு 266 ரூபாய் என்று இருந்தது. அன்றைய விலை லிட்டருக்கு 43 ரூபாய் 75 காசு. ஊற்றிய பால் ஆறு லிட்டர் எண்ணூறு மில்லி என்பது அவள் தாய்க்கு நினைவிருந்தது. வகுப்பில் முதலில் எல்லோரும் எல்லை கட்டினார்கள். ஆறு லிட்டருக்கு 43 ரூபாய் வீதம் 258. ஏழு லிட்டருக்கு 44 ரூபாய் வீதம் 308. விடை இவ்விரண்டுக்கும் இடையே இருக்க வேண்டும். 266 இடையில்தான் இருக்கிறது. சரியாகத்தான் இருக்கும் என்று வகுப்பு முடிவு செய்துவிட்டது. உண்மையைச் சொன்னால் நானும் அப்படியே எண்ணி அடுத்த புத்தகத்தை எடுத்துவிட்டேன்.

அந்தச் சிறுமி மட்டும் விடவில்லை. ஆறு லிட்டர் எண்ணூறு என்பது ஏழுக்குத்தான் பக்கம், ஆறுக்கு அன்று என்றாள். ஏழு லிட்டருக்கு 308 என்றால், குறைவது கால் லிட்டருக்கும் குறைவு. பத்து ரூபாய்கூடக் கழியாது. ஆகவே 298க்கு அருகில் வர வேண்டும், 266 எப்படி வரும் என்று கேட்டாள். பிறகு கணக்கிட்டுப் பார்த்தோம். சரியான தொகை 297 ரூபாய் 50 காசு. எழுதியவர் 6.8 என்பதை 6.08 என்று பதிந்திருக்கிறார். 6.08ஐ 43.75ஆல் பெருக்கினால் சரியாக 266 வரும். முப்பத்தொன்றரை ரூபாய் குறைந்திருந்தது. மறுநாள் அத்தாய் புத்தகத்தைக் காட்டிக் கேட்டபோது திருத்திக் கொடுத்துவிட்டார்கள். யாரும் ஏமாற்ற எண்ணியதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு பூஜ்யம் இடையில் நுழைந்துவிட்டது, அவ்வளவே.

இதிலிருந்து நான் கற்றது ஒன்று. மதிப்பீட்டில் பருமட்டானதும் உண்டு, நுட்பமானதும் உண்டு. புள்ளி ஓர் இடம் தள்ளிப்போய் விடை பத்து மடங்கானால், 258, 308 என்ற எல்லைகளே அதைப் பிடித்துவிடும். 29 ரூபாய் 75 காசு என்றோ 2,975 ரூபாய் என்றோ எழுதியிருந்தால் வகுப்பே சிரித்திருக்கும். ஆனால் இடையில் ஒரு பூஜ்யம் நுழையும் பிழை அவ்வளவு பெரிதன்று. அதைப் பிடிக்க, முழுமையாக்கிய பின் கூடியதைக் கழித்தும் குறைந்ததைச் சேர்த்தும் ஈடுசெய்யும் பழக்கம் வேண்டும். பாடநூல்களில் முதல் வகை இருக்கிறது. இரண்டாவது வகைக்கு ஒரு பக்கமாவது ஒதுக்குவது நல்லது.

அலுவலர்கள் பலர் வந்திருப்பதால், எவ்வளவு முழுமையாக்கலாம் என்ற வினாவையும் தொட்டுச் செல்கிறேன். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் பற்றித் தமிழ்நாடும் கேரளமும் 1970இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. தண்ணீர் கிடைக்க வேண்டும். சித்தூர் வட்டத்து வயல்களுக்கு இது உயிர்நாடி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. பேச்சிலும் கூட்டங்களிலும் 7.25ஐ ஏழு என்று சொல்லிவிடுகிறோம். கால்தானே என்று தோன்றும். அந்தக் கால் டி.எம்.சி. 25 கோடி கன அடி. கன அடிக்கு 28 லிட்டர் என்று கொண்டாலே 700 கோடி லிட்டர். ஏறத்தாழ 70 லட்சம் கன மீட்டர். ஓர் ஏக்கர் என்பது ஏறக்குறைய 4,000 சதுர மீட்டர். நெற்பயிருக்கு ஒரு போகத்துக்கு ஒரு மீட்டர் ஆழம் தண்ணீர் தேவை என்று கொண்டு, வழியில் ஏற்படும் இழப்பைக் கணக்கில் எடுக்காவிட்டால், ஏக்கருக்கு 4,000 கன மீட்டர். 70 லட்சத்தை 4,000ஆல் வகுத்தால் 1,750 ஏக்கர் வருகிறது. இம்மதிப்பீட்டில் கணிப்பான் எதுவும் வேண்டியதில்லை. ஏழாம் வகுப்பு மாணவர்கள் கரும்பலகையில் செய்தார்கள். பிறகு முழு நுட்பத்துடன் கணக்கிட்டுப் பார்த்தால் 1,749 ஏக்கர்! ஒவ்வோர் எண்ணையும் சற்றே கீழே தள்ளியதால் ஏற்பட்ட பிழைகள் வகுத்தலில் ஒன்றையொன்று ஈடுசெய்துவிட்டன. எல்லாக் கணக்கிலும் இவ்வாறு நேராது. பெருக்கலில் அதே பிழைகள் சேர்ந்து வளரும் என்பதையும் உடனே காட்டிவிட வேண்டும்.

ஆகவே 28.3168 என்ற எண்ணை 28 என்று முழுமையாக்கியதால் ஒரு கேடும் வரவில்லை. 7.25ஐ 7 என்று முழுமையாக்கினால் 1,750 ஏக்கர் காணாமற்போகிறது. இரண்டுமே புள்ளிக்குப் பின்னால் உள்ளவற்றை விட்டுவிடுவதுதான். ஒன்று பாதகமில்லாதது, மற்றொன்று அப்படியன்று. அலகு எவ்வளவு பெரியது, எண்ணின் எத்தனை பங்கை நாம் விடுகிறோம் என்ற இரண்டையும் பார்த்தே இதனை முடிவு செய்ய இயலும். புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்ற விதி இதற்குப் பதில் சொல்லாது. கோடிக் கணக்கில் நிதி ஒதுக்கீடு எழுதும் அறிக்கைகளில் 0.05 கோடி என்று ஓர் எண் வரும். அது ஐந்து லட்சம் ரூபாய். ஒரு சிறிய பள்ளியில் அதனைக் கொண்டு எவ்வளவோ செய்யலாம்.

தேர்வு பற்றி இரண்டு வார்த்தைகள். வினாத்தாளில் ஆண்டுக்கு ஒரு வினாவாவது, சரியான விடையைக் கேட்காததாக இருக்கட்டும். கொடுத்த நான்கு விடைகளில் இருக்க முடியாதவை எவை, ஏன் என்று கேட்கலாம். மதிப்பீடு உண்மை விடையைவிடக் கூடுதலா குறைவா என்பதைக் கணக்கிடாமல் கூறச் சொல்லலாம். திருத்தும்போது ஓர் எண்ணை மட்டும் சரி என்று கொள்ளாமல், ஒரு வரம்புக்குள் வந்த விடைகளையெல்லாம் காரணத்துடன் ஏற்க வேண்டும். இது ஆசிரியருக்குக் கூடுதல் சுமை என்பதை மறைக்க விரும்பவில்லை. நாற்பது தாள்களில் நாற்பது காரணங்களைப் படிப்பது எளிதன்று. கேரளத்தில் ஐந்து முதல் ஏழு வரையிலான வகுப்புகளுக்குத் தமிழ்ப் பாடநூல்கள் மாநிலக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுவின் வழியாக வருகின்றன. அவற்றிலுள்ள எடுத்துக்காட்டுகளுடன் உள்ளூர்ப் பால் கணக்கையும் நீர்க் கணக்கையும் இலைக் கணக்கையும் சேர்த்துக்கொள்வதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

பிற்பகல் அமர்வில் நாம் அனைவரும் செய்து பார்ப்பதற்கு ஒரு கணக்கு விட்டுச் செல்கிறேன். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். இப்பள்ளியின் ஓட்டுக் கூரையைக் காலால் அடியளந்து பரப்பை மதிப்பிடுங்கள். ஒரு நாளில் 12.4 மில்லிமீட்டர் மழை பெய்தது என்று வைத்துக்கொண்டு, கூரையிலிருந்து விழும் தண்ணீர் எத்தனைக் குடம் என்று சொல்லுங்கள். அளவு நாடாவும் கணிப்பானும் என்னிடம் இருக்கின்றன. ஒவ்வொருவரும் தம் மதிப்பீட்டை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்த பிறகே அவற்றை வெளியே எடுப்பேன்.